குப்புறப் படுத்த வாரம்

அவசர உதவி எண்ணுக்கு வரும் அழைப்புகளை எடுப்பது அவள் வேலை. மறுமுனையில் யார் கதறினாலும் அவள் குரல் மாறாது. "எங்க இருக்கீங்க? மூச்சு இருக்கா?" என்று கேட்பாள், ஆம்புலன்ஸை அனுப்பி வைப்பாள், அடுத்த அழைப்பை எடுப்பாள். அலுவலகத்தில் அவளுக்கு ரோபோ என்று பெயர். இரண்டு அழைப்புகளுக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி கிடைத்தால்கூடக் கைபேசியில் யாரோ கேக் செய்வதைப் பார்ப்பாள். வீட்டிலும் அப்படித்தான். சமைக்கும்போதும் துணி மடிக்கும்போதும் பக்கத்தில் ஏதாவது ஒன்று பேசிக்கொண்டே இருக்க வேண்டும். லிப்ட் பழுது பார்க்கும் அவள் கணவர், "நம்ம வீட்ல குக்கர்தான் நடுநடுவுல வாய மூடுது" என்று கேலி செய்வார்.

ஒரு நாள் வலது கண்ணில் கறுப்புத் திரை இறங்கியது. விழித்திரை கிழிந்திருந்தது. அறுவை சிகிச்சை முடிந்ததும் மருத்துவர் சொன்னார்: "உள்ள ஒரு வாயுக் குமிழி வெச்சிருக்கோம். அதுதான் கிழிசல அழுத்திப் பிடிச்சுக்கும். ஒரு வாரம் முகம் தரையப் பாத்தே இருக்கணும். படிக்கக் கூடாது, போன் பாக்கக் கூடாது."

"கல்யாணத்தன்னிக்கே நீ தலை குனியல. இப்ப எப்படி?" என்றார் கணவர்.

முகம் வைக்க ஓட்டை உள்ள மசாஜ் கட்டில் ஒன்றை அவர் வாடகைக்கு எடுத்து வந்தார். அதில் குப்புறப் படுத்தாள். ஓட்டை வழியாகத் தெரிந்தது சாம்பல் நிறத் தரை ஓடு ஒன்றும், அதன் ஓரத்தில் ஒரு கீறலும் மட்டுமே.

முதல் நாள் வானொலி கேட்டாள். பார்க்க ஒன்றும் இல்லாமல் வெறும் குரலைக் கேட்டபோது எல்லாக் குரலும் அழைப்பவரின் குரலாகவே பட்டது. செய்தி வாசிப்பவருக்குப் பின்னால் யாராவது மூச்சுத் திணறுகிறார்களா என்று காது தேடியது.

"அத நிறுத்துங்க."

"பாட்டு போடட்டா?"

"ஒண்ணும் வேணாம்."

பிறகு அலுப்பு வந்தது. அப்படி ஒன்று இருப்பதையே அவள் மறந்து போயிருந்தாள். சொறிய முடியாத இடத்தில் அரிப்பது போல இருந்தது முதலில். அடுத்த நாள் அது கோபமாகி, கணவரின் செருப்புச் சத்தத்துக்காக அவர் மேல் எரிந்து விழுந்தாள். கீறலைப் பார்த்தாள். கண்ணை மூடினாள். மறுபடி கீறலைப் பார்த்தாள். நேரம் நகர மாட்டேன் என்றது.

அதற்கடுத்த நாள் பிற்பகலில், நினைக்காமலே ஒரு குரல் கேட்டது. "என் வொய்ஃப் எழுந்திருக்க மாட்டேங்குறா. டீ ஆறிப்போச்சுங்க." எப்போதோ உதவி எண்ணுக்கு அழைத்துப் பேசியவர். அவருக்குப் பின்னால் மின்விசிறி கிறீச்சிட்டதுகூடத் தெளிவாக இருந்தது. அடுத்து, தெருப் பெயர் தெரியாமல் வாசல் கதவின் நிறத்தைச் சொன்ன ஒரு சிறுமி. அதற்கடுத்து, இணைப்பைத் துண்டிக்கும் முன் "சாப்டீங்களாம்மா?" என்று இவளைக் கேட்ட ஒரு முதியவர்.

அழைப்பு முடிந்ததும் எல்லாம் போய்விட்டதாக அவள் நினைத்திருந்தாள். எதுவும் போகவில்லை. இத்தனை பேரையும் மனம் ஓரமாக உட்கார வைத்திருந்தது, இவளுக்கு நேரம் கிடைக்கட்டும் என்று. இப்போது எடுக்க அடுத்த அழைப்பு இல்லை. ஒவ்வொருவரோடும் கொஞ்ச நேரம் இருந்தாள்.

கண்ணீர் கன்னத்தைத் தொடாமல் நேராகத் தரையில் விழுந்தது. ஓட்டின் மேல் ஈரத்தைப் பார்த்த கணவர் கட்டிலுக்கு அடியில் நுழைந்து மல்லாந்து படுத்தார். ஓட்டை வழியாக அவர் முகம் தெரிந்தது.

"வலிக்குதா?"

"இல்ல. எல்லாரும் உள்ளயே இருந்திருக்காங்க."

"யாரு?"

சொன்னாள். வேலையில் நடந்ததை அவள் வீட்டில் பேசியதே கிடையாது. ஒரு சொட்டு அவர் நெற்றியில் விழுந்தது. அவர் துடைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்று நன்றாகத் தூங்கினாள். காலையில் மனம் ஆள் இல்லாத கூடம் போல இருந்தது. அலுப்பு அப்படியேதான் இருந்தது, ஆனால் கடிக்கவில்லை. தரை ஓட்டைப் பார்த்தபடி கிடந்தாள். மெதுவாக ஒரு மெட்டு வந்தது. முதலில் இரண்டு மூன்று சுரங்கள், பிறகு ஒரு திருப்பம், பிறகு முழுசாக. முணுமுணுத்தாள்.

கரண்டியோடு எட்டிப் பார்த்தார் கணவர். "எந்தப் படத்துல வருது?"

"எங்கயும் கேட்டதில்லங்க. தானா வருது." அவளுக்கு உடல் சிலிர்த்திருந்தது. பள்ளியில் பாட்டு டீச்சர் அவளை வாயை மட்டும் அசைக்கச் சொல்லியிருந்தார். "எனக்குள்ள இது எங்க இருந்துச்சு?"

"இரு, ரெக்கார்ட் பண்றேன்."

"வேணாம். இன்னொண்ணு வரும்."

வந்தது. அதைப் பாதியில் மறந்தாள், வருத்தப்படவில்லை.

வாரம் முடிந்ததும் மருத்துவர் பரிசோதித்துவிட்டு விழித்திரை ஒட்டிக்கொண்டது என்றார். திரும்பும் வழியில் சிக்னலில் கார் நின்றது. கணவர் வானொலியை நோக்கி நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். அவள் பார்வையின் அடியில் இன்னும் கரையாத குமிழி தளும்ப, அதற்கு மேலே சாலையைக் கடந்து கொண்டிருந்தார்கள்: பையைத் தோள் மாற்றிய பெண், கொட்டாவி விட்ட காவலர், கைபேசியில் தலை புதைத்த மாணவர்கள். இத்தனை தலைகளுக்குள்ளும் எவ்வளவு காத்துக் கிடக்கும் என்று நினைத்தபோது அவளுக்கு மூச்சு ஒரு கணம் நின்று வந்தது.

"என்ன அப்படிப் பாக்குற?"

"சும்மாதான். பச்ச விழுந்தாலும் கொஞ்சம் மெதுவாவே போங்க."