வெள்ளையை எங்கே ஊற்றுவது

ஆடு வளர்க்கும் தோலோமுஷ் ரொட்டி உண்பதை நிறுத்திவிட்டார் என்ற செய்தியை மலையிலிருந்து நரின் நகருக்குக் கொண்டுவந்தவர் ஜெக்ஷென். கோடை மேய்ச்சலில் இருவருடைய கூடாரங்களும் ஒரே ஓடையின் இரு கரைகளில் நிற்பவை. கம்பளி விற்க வந்தவர், எங்கள் ஆய்வகத்தின் வாசலில் நின்றபடியே உரக்கச் சொன்னார்.

"என்ன தங்கச்சி, எங்க ஆளோட வாயக் கட்டிப்போட்டுட்டியே! கறி திங்கிறாரு, சூப்பு குடிக்கிறாரு, ரொட்டிய மட்டும் தொட மாட்டேங்கிறாரு. ரொட்டி திங்காத கிர்கிஸ எங்கயாச்சும் பாத்திருக்கியா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ரொட்டியை நிறுத்தியது நான் தொலைபேசியில் சொன்ன ஓர் ஆய்வு முடிவு.

குடலில் வாழும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை எவருக்கும் தீங்கு செய்வதில்லை. மனிதனுக்குள்ளும் ஆட்டுக்குள்ளும் அவை தம் வேலையைப் பார்த்துக்கொண்டு வாழ்கின்றன. ஆனால் உடலுக்குள் ஓர் ஆன்டிபயாடிக் நுழைந்தால், அது எந்த நோய்க்காக வந்ததாயினும், இவையும் அதை எதிர்கொண்டாக வேண்டும். தாங்கும் திறன் உள்ளவை பிழைத்துப் பெருகுகின்றன. அத்திறனைத் தமக்குப் பக்கத்தில் இருக்கும் வேறு பாக்டீரியாக்களுக்குக் கைமாற்றவும் செய்கின்றன. மருந்து கண்ட மந்தைகளில் இது எவ்வளவு பரவியிருக்கிறது என்று அறிய, மருந்தே காணாத ஒரு மந்தை எனக்கு ஒப்பீட்டுக்குத் தேவைப்பட்டது. அர்பா பள்ளத்தாக்கில் நான் ஏறி இறங்கிய கூடாரங்களில் எல்லாம், சேணத்துக்குப் பக்கத்திலேயே ஊசிப் பெட்டியும் தொங்கியது. தோலோமுஷின் கூடாரத்தில் மட்டும் தொங்கவில்லை.

"தடுப்பூசி போட்டிருக்கேன், புழுவுக்கு மருந்து குடுத்திருக்கேன். நீ கேக்குற மருந்து எங்க ஆட்டு வயித்துக்குள்ள போனதே கிடையாது" என்றார் அப்போது. ஜெக்ஷென் கண்ணடித்து, "எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க, அண்ணே" என்று சீண்டினார். தோலோமுஷ் விரிப்பிலிருந்து ஒரு முழு ரொட்டியை எடுத்து, இரு கைகளாலும் நெற்றிக்கு நேரே உயர்த்தினார். "பொய்யா இருந்தா இந்த ரொட்டி என்னை அடிக்கட்டும்." அதற்கு மேல் எங்களிடம் சத்தியம் இல்லை.

அவருடைய ஆடுகளின் புழுக்கையை நகருக்குக் கொண்டுவந்து, அதிலிருந்த பாக்டீரியாக்களைக் கண்ணாடித் தட்டுகளில் வளர்த்து, மேலே மருந்து தோய்த்த காகித வில்லைகளை வைத்தேன். பாக்டீரியா மடியும்போது வில்லையைச் சுற்றி ஒரு தெளிந்த வட்டம் தோன்றும். தாய் ஆடுகளின் தட்டுகள் எல்லாவற்றிலும் வட்டம் இருந்தது. குட்டிகளின் தட்டுகள் சிலவற்றில் வில்லையின் விளிம்புவரை பாக்டீரியா செழித்து வளர்ந்திருந்தது. இதைத்தான் தொலைபேசியில் சொன்னேன். "அப்ப நான் பொய்யன்" என்றார் தோலோமுஷ், இணைப்பு அறுந்தது.

ஆகவே மறுபடி மலையேறினேன்.

அவருடைய மனைவி உம்சுன் அண்ணி விரிப்பில் ரொட்டியும் பாலேடும் தேநீரும் வைத்தார். கணவருக்கு முன்னால் கிண்ணம் மட்டும் இருந்தது.

"இவரு ரொட்டியோட கோவிச்சுக்கல, என்னோட கோவிச்சுக்கிட்டாரு" என்றார் அண்ணி. "வர்ற விருந்தாளியெல்லாம் என் மூஞ்சியப் பாக்குறாங்க, மாவுல என்னத்தக் கலந்தேன்னு."

"சும்மா இரு" என்ற தோலோமுஷ் என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த கோபம் இல்லை. தொலைந்த குதிரையின் தடத்தைத் தேடுபவனின் கூர்மை இருந்தது. "நான் குடுக்கல. அது எனக்குத் தெரியும். உன் தட்டும் பொய் சொல்லாதுங்கிற. அப்ப எப்படி வந்துச்சு? காத்துலயா?"

"ஓடையில வந்திருக்கலாம் அண்ணே. பறவை கொண்டாந்திருக்கலாம். பக்கத்து மந்தையோட கலந்திருக்கலாம்."

"எம் மந்தையவா சொல்றே?" என்றார் அங்கேயே அமர்ந்திருந்த ஜெக்ஷென்.

"உன்னையத் தவிர பக்கத்துல யாரு இருக்கா?" என்றார் அண்ணி.

தோலோமுஷ் தலையை அசைத்தார். "ஓடையா இருந்தா தாய் ஆடும் அதே தண்ணியத்தான் குடிக்குது. கலந்திருந்தாலும் தாயும் சேந்துதான் கலந்திருக்கும். தாய்க்கு இல்ல, குட்டிக்கு இருக்கு. குட்டியிலயும் எல்லாத்துக்கும் இல்ல. ஏன்?"

அந்தக் கேள்வியைத்தான் நானும் சுமந்துகொண்டு ஏறியிருந்தேன். குட்டிகளின் காதுப் பட்டைகளில் எண்கள் இருந்தன. வட்டம் தோன்றாத குட்டிகளைத் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றின் கழுத்திலும் சிவப்புக் கம்பளி நூலைக் கட்டினோம். அவை எதனோடு மேய்கின்றன, எங்கே நீர் அருந்துகின்றன என்று பார்ப்பது என் திட்டம். மந்தையைச் சரிவில் விட்டுவிட்டு நால்வரும் புல்லில் அமர்ந்தோம். சிவப்பு நூல்கள் மற்றவற்றுக்கிடையே சிதறிக் கலந்தன. எந்த ஒழுங்கும் புலப்படவில்லை. ஜெக்ஷென் கொட்டாவி விட்டார்.

அப்போது மருமகள் புருல் தண்ணீர் எடுக்க வாளியோடு கூடாரத்திலிருந்து வெளியே வந்தாள். வாளியின் கைப்பிடி விளிம்பில் மோதி ஒலித்தது.

சரிவெங்கும் சிவப்பு நூல்கள் தலை நிமிர்ந்தன. அடுத்த கணம் அவை மட்டும் மந்தையைப் பிளந்துகொண்டு, கத்திக்கொண்டு, அவளை நோக்கி ஓடிவந்தன. நூல் இல்லாத குட்டிகள் தாயின் அருகே மேய்ந்துகொண்டே இருந்தன.

"மே தின ஊர்வலம் கிளம்பிருச்சு டோய்!" என்று ஜெக்ஷென் புல்லில் சாய்ந்து சிரித்தார்.

நான் எழுந்து ஓடினேன். புருலின் பாவாடையைக் குட்டிகள் மோதிக்கொண்டிருந்தன.

"இதுங்க ஏன் உங்கிட்ட வருது?"

"எல்லாம் எம் புள்ளைங்க அக்கா. தாய் செத்தது, ரெட்டைல தள்ளிவிட்டது, தாய்க்குப் பால் சுரக்காதது. வசந்தத்துல புட்டிப் பால் குடுத்து நாந்தான் வளத்தேன். இப்பவும் வாளிச் சத்தம் கேட்டா பாலுன்னு நெனச்சுக்குதுங்க, பேராசை புடிச்சதுங்க."

"என்ன பால்?"

"நம்ம வரிவரியா இருக்குற மாட்டுப் பால்தான்."

"நல்லா இருந்த மாடா?"

"இல்லக்கா, கன்னு போட்டதும் மடி வீங்கிருச்சு. கால்நடை டாக்டர் வந்து காம்புக்குள்ள மருந்து ஏத்துனாரு. கொஞ்ச நாளைக்கு மனுஷங்க யாரும் இந்தப் பாலக் குடிக்கக் கூடாதுன்னாரு. ஒரு சொட்டுகூட நாங்க குடிக்கல."

"கறந்த பால என்ன பண்ணுன? கீழ ஊத்துனியா?"

அவளுடைய கண்கள் விரிந்தன. மாமனார் காதில் விழுந்துவிடுமோ என்பதுபோல் குரலைத் தாழ்த்தினாள். "வெள்ளையயா? கீழயா?"

பாலையும் தயிரையும் நாங்கள் வெள்ளை என்றே சொல்வோம். கால் மிதிக்கும் மண்ணில் வெள்ளையைக் கொட்டியவர் வீட்டில் வெள்ளை தங்காது. அவள் மருத்துவரின் சொல்லையும் மீறவில்லை, வெள்ளையையும் அவமதிக்கவில்லை. இரண்டையும் ஒருசேரக் காப்பாற்ற அவளுக்கு இருந்த ஒரே வழி, பசித்திருந்த குட்டிகளின் வாய். தினமும் பாலோடு சிறிதளவு மருந்தும் அவற்றின் குடலுக்குள் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

மற்றவர்கள் இறங்கி வந்ததும் அவள் சொன்னதைச் சொன்னேன். முதலில் பேசியவர் அண்ணி. "அவ்வளவுதானே! நீ சத்தியம் பண்ணுனது ஆட்டுக்கு. மருந்து ஏத்துனது மாட்டுக்கு. வந்து ரொட்டியத் தின்னு."

"மருந்து எந்த வயித்துக்குள்ள போச்சு?" என்றார் தோலோமுஷ். "ஆட்டு வயித்துக்குள்ள போனதில்லன்னுதான் சொன்னேன். போயிருக்கு. எனக்குத் தெரியாது, ரொட்டிக்குத் தெரியும்."

புருலின் முகம் வெளுத்தது. "அப்ப தப்பு என்னோடதா மாமா?"

"உன்னோடது இல்லம்மா. நானா இருந்தாலும் கீழ ஊத்திருக்க மாட்டேன்." பிறகு என்னைப் பார்த்தார். "குட்டிங்களுக்குச் சீக்கா?"

"இல்லண்ணே, நல்லா இருக்கு. அதுங்க வயித்துல இருக்குற பாக்டீரியாவும் கெட்டது இல்ல. அந்த மருந்துக்குச் சாகாது, அவ்வளவுதான். ஆனா என்னைக்காச்சும் கெட்டது ஒண்ணு உள்ள வந்தா, அதுக்கும் அந்த வித்தையக் குடுத்துரும்."

"நல்லவன்தான். ஆனா திருடனுக்குச் சாவி குடுக்குற நல்லவன்" என்றார் ஜெக்ஷென். இம்முறை அவர் சிரிக்கவில்லை.

தோலோமுஷ் ஒரு குட்டியின் கழுத்து நூலைத் தடவிக்கொண்டே இருந்தார். "சரி, வர்ற வசந்தத்துல மறுபடி மடி வீங்கும். அப்ப வெள்ளைய எங்க ஊத்துறது? அதச் சொல்லு."

"காய்ச்சுனா போயிருமா?" என்றார் அண்ணி.

"போகாது அண்ணி. தயிராக்குனாலும் போகாது."

என் படிப்பில் இதற்கு ஒரே சொல்தான் இருந்தது: அப்புறப்படுத்துக. எங்கே, எப்படி, எந்த முகத்தோடு என்று அது சொல்லவில்லை. விருந்தாளியை மடக்கிய கணவர்மீது அண்ணிக்குக் கோபம் வந்தது.

"பெருசா பேசுறியே, போன வருஷம் ஊர் வீட்டுக்குள்ள பாம்பு வந்தப்ப நீதான வெள்ளையத் தூக்கி அது தலையில ஊத்துன! அது தரையில சிந்தலயா?"

"அது வேற" என்றார் அவர். "கூப்பிடாம வந்தாலும் வெள்ளை ஊத்தித்தான் வெளிய அனுப்பணும். அடிக்கக் கூடாது. அது..."

அவர் நிறுத்தினார். குட்டியைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"இந்த மருந்தும் கூப்பிடாம வந்ததுதானே" என்றார் மெல்ல.

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவர் மேட்டில் ஏறினார். குளம்பும் காலும் படாத ஒரு பாறை இடுக்கைத் தேர்ந்தார். அங்கே ஒரு குழியைத் தோண்டி, சுற்றிலும் கல் அடுக்கச் சொன்னார். ஜெக்ஷென் முணுமுணுத்துக்கொண்டே கல் சுமந்தார். மண்ணுக்குள்ளும் பாக்டீரியாக்கள் உண்டு, இது முழு விடை அல்ல என்று சொன்னேன். "வயித்தவிட மண்ணு பெருசு இல்லையா?" என்று கேட்டார் தோலோமுஷ். ஆம் என்றேன்.

புருல் ஒரு கிண்ணம் புதுப் பால் கொண்டுவந்தாள். அவர் அதைக் குழிக்குள் ஒரே சீராக ஊற்றினார். "வந்த வழியே போ. இந்த வீட்டு மேல வருத்தம் வேண்டாம்." அது பாம்புக்குச் சொல்லும் வார்த்தை. பிறகு கிண்ணத்தை மருமகளிடம் கொடுத்தார். "அந்த மாதிரிப் பாலு இனிமே இங்கதான் வரணும். யாரும் கேட்டா மாமா சொன்னாருன்னு சொல்லு."

அண்ணி ஏற்கெனவே ரொட்டியோடு நின்றிருந்தார். தோலோமுஷ் அதை வாங்கி, முன்பு போலவே நெற்றிக்கு உயர்த்தினார்.

"எங்க ஆட்டு வயித்துக்குள்ள மருந்து போனதில்லன்னு உங்க முன்னாடி சொன்னேன். போயிருக்கு. எங்க வீட்டுக் கையாலேயே போயிருக்கு. இது நெசம்."

இது சத்தியமாக நின்ற கணத்தில் என் ஒப்பீட்டு மந்தை என் கையைவிட்டுப் போனது. அதை நான் அப்போது பெரிதாக எண்ணவில்லை. அவர் ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றார். அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பாத்து அண்ணே" என்றார் ஜெக்ஷென். "ரொட்டி இப்பத்தான் அடிக்கும், தொண்டையில."

புருல் கீழே வைத்த கிண்ணம் கல்லில் பட்டு ஒலித்தது. கீழே சரிவில் சிவப்பு நூல்கள் மறுபடி தலை நிமிர்ந்து, மேட்டை நோக்கி ஓடிவரத் தொடங்கின. புருல் குழிக்கு முன்னால் போய், இரு கைகளையும் விரித்து நின்றுகொண்டாள்.