காராமணி தின்னும் குலிபாலி

நன்யூமாவிடம் சொற்களுக்குப் பஞ்சமில்லை. கஞ்சி, ஆறு, ஆடு, செருப்பு என்று ஒவ்வொன்றாகச் சொல்வாள். கூழாங்கல்லைப் பொறுக்கி வந்து நம் உள்ளங்கையில் வைப்பதுபோல் ஒன்றை வைத்துவிட்டு முகத்தைப் பார்ப்பாள். இரண்டாவது கல் வராது. ஐந்து வயது முடிந்துவிட்டது.

சேகு நகரின் ஆற்றங்கரைத் தெருவில் இருந்த அந்த மழலைப் பள்ளியில் ஆசிரியை அசிதான் குலிபாலிக்கு அது முதல் வருடம். தலைநகர் பமாக்கோவில் பயிற்சி முடித்தவள். இரவல் வாங்கிய வண்ணப் பென்சில்களால் அவளே நாற்பது பட அட்டைகள் வரைந்திருந்தாள். பெண் கம்பு இடிக்கிறாள். படகு ஆற்றில் போகிறது. ஆடு இலை தின்கிறது. மற்ற பிள்ளைகள் படத்தைப் பார்த்ததும் வாக்கியமாகக் கொட்டினார்கள். நன்யூமா "ஆடு" என்றாள். கொஞ்சம் யோசித்து "இலை" என்றாள். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை, தலையில் தக்காளிக் கூடையோடு அவள் அம்மா சனாபா வாசலில் நின்றாள்.

"டீச்சர், வெள்ளிக்கிழமை பெரிய டீச்சர் புள்ளைங்கள சோதிக்கப் போறாங்களாமே?"

"ஆமா. வாக்கியமா பேசுற புள்ளைங்கள ஒண்ணாம் வகுப்புக்கு அனுப்புவாங்க."

"நன்யூமா தேறலைன்னா அவ பெரியப்பா ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடுவாரு. 'பேசாத புள்ளைக்கு சிலேட்டுப் பலகை எதுக்கு, வந்து என் பேரனத் தூக்கி வச்சுக்கட்டும்'ங்கிறாரு. அவர் பேச்சுக்கு எங்க வீட்ல மறுபேச்சு கிடையாது டீச்சர்."

அசிதான் அட்டைக் கட்டை எடுத்து ஆட்டுப் படத்தை மேலே வைத்தாள்.

பள்ளியின் சமையல்காரி தெனின் கேய்தா. கேய்தாக்களுக்கும் குலிபாலிகளுக்கும் எந்தக் காலத்திலிருந்தோ கேலி முறை. எதிரே வந்தால் ஏச வேண்டும்; ஏசாமல் போனால்தான் மரியாதைக் குறைவு. 'காராமணி தின்னி' என்பதுதான் பழகிய ஏச்சு. முதல் நாளே தெனின் கரண்டியை நீட்டிக் கேட்டிருந்தாள்:

"உன் குடும்பப் பேரு என்ன? குலிபாலியா? ஐயோ, காராமணி தின்னிங்க வந்துட்டாங்க! பானைய மூடுங்கடி!"

அசிதானும் சளைக்காமல், "கேய்தாக்கள் தின்ன மிச்சம் இருந்தாத்தானே எங்களுக்கு!" என்றாள்.

ஆனால் சில மாதங்களுக்கு முன், நவம்பரில் ஒருநாள், அட்டை காட்டும் நேரத்தில் கஞ்சியோடு வந்த தெனின் ஏதோ சொல்ல, வகுப்பே "காராமணி தின்னி! காராமணி தின்னி!" என்று கத்தியது. படகு அட்டை கையிலேயே நின்றுவிட்டது. அன்று மாலை அசிதான் சமையலறைக்குப் போனாள்.

"அக்கா, வெளியில என்ன வேணா ஏசுங்க. வகுப்புக்குள்ள வேணாம். இங்க நான் நல்ல வாக்கியமா சொல்லிக் கொடுக்கிறேன்."

தெனின் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏசாம எப்படிடி ஒரு குலிபாலிக்குக் கஞ்சி ஊத்துறது?" என்றாள். ஆனாலும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அதன் பிறகு வகுப்புக்குள் வாயை இறுக்கிக்கொண்டு வந்து, ஊற்றி, போய்விடுவாள்.

சோதனை நாளான வெள்ளிக்கிழமை வந்தது. தலைமை ஆசிரியை சுமாரே அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பதினேழு பிள்ளைகள் தேறினார்கள். கடைசியாக நன்யூமா.

சுமாரே அம்மா ஓர் அட்டையைக் காட்டினார். "இதுல என்ன நடக்குதும்மா?"

"பெண்."

"பெண் என்ன பண்றா?"

"உலக்கை. கம்பு."

வேறோர் அட்டை. "படகு." இன்னொன்று. "ஆடு." சுமாரே அம்மாவின் பேனா நோட்டின் பக்கம் மெல்ல நகர்ந்தது. அசிதான் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துக் கஞ்சிப் பானையோடு தெனின் உள்ளே வந்தாள். யாரையும் பார்க்காமல் ஊற்ற ஆரம்பித்தாள்.

"என்ன தெனின், இவ்வளவு அமைதி?" என்றார் சுமாரே அம்மா. "பக்கத்துல ஒரு குலிபாலி நிக்கிறா. உன் வாயத் தச்சுட்டாங்களா?"

"டீச்சரம்மா உத்தரவுங்க. வகுப்புல கேலி கூடாதாம்."

நன்யூமா தெனினைப் பார்த்தாள். பிறகு அசிதானைப் பார்த்தாள். கேலி முறை தவறிப்போனது அவளுக்குப் பொறுக்கவில்லை போலும். எழுந்து நின்று, விரலை நீட்டி, தெளிவாகச் சொன்னாள்:

"நீ காராமணி திங்கிறே."

அசிதானின் நாக்கு நுனியில் 'அப்படிச் சொல்லக் கூடாது' என்பது தயாராக இருந்தது. அதை விழுங்கினாள். இடுப்பில் கை வைத்தாள்.

"நானா? நீதான் திங்கிறே! உன் வயித்தப் பாரு!"

நன்யூமாவின் கண்கள் அகன்றன. "நான் திங்கல! நான் கேய்தா! நீ பானையோட திங்கிறே!"

"பொய்! யாரு பாத்தா?"

"நான் பாத்தேன்! நீ கதவச் சாத்திட்டு திங்கிறே!"

சுமாரே அம்மா சிரித்த சிரிப்பில் நாற்காலி முனகியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டில் பதினெட்டாவது பெயரை எழுதினார்.

மதியம் அசிதான் சமையலறைக்குப் போனாள். தெனின் பானை தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இவ எப்படி..."

"அம்மாக்காரி விடியறப்பவே சந்தைக்குப் போறா. புள்ளைய எங்கிட்ட விட்டுட்டுத்தான் போவா. நீ வகுப்புலதானே தடை போட்டே? அடுப்படி என் ராச்சியம்." தெனின் சாம்பலைக் கையால் ஒதுக்கினாள். "அவ 'கஞ்சி'ம்பா. நான் 'கஞ்சி கொதிக்குது'ம்பேன். அவ 'டீச்சர்'ம்பா. நான் 'டீச்சர் காராமணி திங்கிறா'ம்பேன். அடுப்புல ஒரு வெறகு இருந்தா பக்கத்துல இன்னொண்ணு வைக்கிறதில்லையா, அப்படித்தான். இத்தனை மாசமா சிரிச்சுட்டு மட்டும் இருந்தா. இன்னிக்குத்தான் பத்திக்கிச்சு."

நாற்பது அட்டைகள் வரைந்த அசிதானின் விரல்கள் பாவாடைத் துணியைப் பிசைந்தன. ஆட்டுக்கும் இலைக்கும் நன்யூமா என்ன பதில் சொல்லியிருக்க முடியும்? அவை அவளிடம் ஒன்றும் கேட்கவில்லையே.

"நான்தான் உங்க வாயைக் கட்டினேன். நீங்க அவ வாயைத் திறந்துட்டீங்க. ரொம்ப நன்றிக்கா."

"ஒரு குலிபாலி நன்றி சொல்றாளா?" தெனின் வாசலைப் பார்த்துக் கத்தினாள். "யாராவது தேதிய எழுதி வைங்க!" ஆனால் பானைக்குள் குனிந்த முகம் உடனே நிமிரவில்லை.

திங்கட்கிழமை காலை அசிதான் தலையில் ஒரு பெரிய பானையோடு பள்ளிக்கு வந்தாள். முந்தின நாளே சனாபா அவள் வீடு தேடி வந்து, கூடைத் தக்காளியை அப்படியே வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். அந்தத் தக்காளியைப் போட்டு, வெங்காயம் தாளித்து, குழைய வேகவைத்த காராமணி.

தெனின் மூடியைத் திறந்தாள். "ஊரே வாங்க! ஒத்துக்கிட்டா! தன் கையாலயே கொண்டாந்து ஒத்துக்கிட்டா!"

பிள்ளைகள் துள்ளினார்கள். கூட்டத்துக்கு நடுவிலிருந்து தகரக் கிண்ணம் ஒன்று மேலே உயர்ந்தது.

"டீச்சர் காராமணி கொண்டாந்தாங்க. எனக்கும் வேணும்."

நன்யூமா கேய்தா.

தெனின் தலையில் கை வைத்துக்கொண்டாள். "போச்சு! எங்க குடும்ப மானமே போச்சு!"

அசிதான் குனிந்து, அந்தக் கிண்ணம் வழிய வழிய ஊற்றினாள்.