மண்வெட்டி இல்லாத மான்

ஜனவரியில், பதினேழு மணி நேரம் விடாமல் மழை பெய்தது. மறுநாளே குளிர் திரும்பிவிட, வடதுருவத்தை ஒட்டிய கௌட்டோகெய்னோ மேட்டு நிலமெல்லாம் கண்ணாடி வார்த்ததுபோல் இறுகியது. அதன்மேல் புதுப்பனி விழுந்து மூடியது. பார்வைக்கு எல்லாம் வழக்கமான வெள்ளைதான்.

அடுத்த வாரம் பாலர் பள்ளிக்கு மகளைக் கொண்டுவந்து விட்ட மிக்கால், ஆசிரியை ரவ்னாவைத் தனியே அழைத்து, கப்பா பட்டினியில் செத்துக் கிடந்ததைச் சொன்னார். கப்பா அவர் மகள் ரிஸ்டெனின் வெள்ளைப் பனிமான். குழந்தையின் முதல் பல்லை யார் முதலில் பார்க்கிறாரோ அவர் பெண்கன்று கொடுக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். ரிஸ்டெனின் பல்லைப் பார்த்தது தாய்மாமன்; அவர் கொடுத்த கன்றுதான் கப்பா.

"மககிட்ட வெள்ளிக்கிழமை நானே சொல்லிக்கறேன். நீ வாயைத் திறக்காதே."

ரவ்னா தலையாட்டினாள். வாயைத் திறக்காமல் இருப்பது அவளுக்குச் சிரமமே இல்லை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமையும் போயிற்று. ரிஸ்டென் இன்னும் கப்பாவைத்தான் வரைந்துகொண்டிருந்தாள்.

அடுத்து வந்தது குளிர்காலப் பாடம் நடக்கும் வாரம். தெற்கத்தி நகரத்திலிருந்து வந்த பாடப் படம் ஒன்றில் வெள்ளைக்கரடியும் பென்குவினும் ஒரே பனிப்பாறையில் நின்றன. பென்குவின் பஸ் மாறி ஏறியிருக்கும் என்றான் வகுப்புப் பையன் ஆன்டே. பனிக்கோழி பனிக்குள் புதைந்து தூங்குவதையும், லெம்மிங் எலி அடியில் வழி வெட்டுவதையும் ரவ்னா சொன்னாள். அடுத்தது, பனிக்கு அடியில் இருக்கும் பாசியை மான் மோந்து கண்டுபிடித்துத் தோண்டித் தின்பது. ஒவ்வொரு வருடமும் பிள்ளைகள் மான்களாகித் தவழ்ந்து கையால் தோண்டுவார்கள். இந்த முறை, அடியில் பனிக்கட்டி என்று தெரிந்து, அவள் மண்வெட்டியை எடுத்துவந்தாள்.

"மானுக்கு ஏது மண்வெட்டி?" என்றாள் ரிஸ்டென்.

மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ரவ்னா மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவைத்தாள்.

மேலே பஞ்சுபோன்ற பனி. அதற்குக் கீழே கட்டி. ரிஸ்டெனின் கை நின்றது. பூட்ஸ் குதிகாலால் உதைத்தாள், கீறல்கூட விழவில்லை. குப்புறப் படுத்து மூக்கை வைத்தாள்.

"பாசி வாசனையே வரலியே. கப்பாவுக்கு வந்திருக்குமா?"

மழைநீர் உறைந்தால் வாசனை மேலே வராது, மான் வேறு இடம் தேடிப் போகும் என்றாள் ரவ்னா. சொன்னது அத்தனையும் உண்மை.

"கப்பாவும் தேடிப் போச்சா?"

"அதை உங்கப்பாகிட்ட கேளு."

சொன்ன பிறகுதான் ரவ்னாவுக்குப் புரிந்தது. கொடுத்த வாக்கில் பாதி போய்விட்டது.

பிற்பகலில், நீல வெளிச்சம் கறுக்கும் நேரத்தில் மிக்கால் வந்தார். ரிஸ்டென் அவரைக் கைபிடித்துக் குழியருகே இழுத்துப்போனாள்.

"அப்பா, இப்ப நீதான் மான். மண்வெட்டி கிடையாது."

சிரித்துக்கொண்டே மண்டியிட்டார். கையுறையைக் கழற்றிவிட்டு, மகள் காட்டிய இடத்தில் பறித்தார். கை கட்டியில் முட்டியதும் சிரிப்பு நின்றது.

"மோந்து பாரு."

குனிந்தார். நெடுநேரம் நிமிரவில்லை. உள்ளே ஆன்டேயின் உடுப்பு ஜிப் சிக்கிக்கொண்டு அவன் கூப்பிடுவது ரவ்னாவின் காதில் விழுந்தது. அவள் பள்ளி வாசற்படியைவிட்டு நகரவில்லை.

"வாசனை வருதா?"

"வரல."

"அப்ப கப்பாவுக்கு?"

மிக்கால் தலையைத் தூக்கி ரவ்னாவைப் பார்த்தார். எப்போதும் கண்ணைத் தாழ்த்திக்கொள்கிறவள், இந்தத் தடவை தாழ்த்தவில்லை. அவர் மகளைத் தொடைமேல் உட்காரவைத்துக்கொண்டார்.

"அதுக்கும் வரல, கண்ணு. கப்பா செத்துப்போச்சு."