கழுவித் தந்த மோட்டார் சைக்கிள்

இராசநாயகம் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நுனி நனைந்திருந்தது. துணியால் துடைத்து, காற்றுக் குழாயால் ஊதி, மறுபடி பூட்டி உதைத்தார். இயந்திரம் பிடித்தது. இரண்டு தரம் செருமியது. முறுக்கியவுடன் தொண்டை அடைத்ததுபோல் நின்றுபோனது.

உரும்பிராய்ச் சந்திக்குக் கிட்ட அவருடைய கராஜ். வாசல் வாங்கில் உதயகலா உட்கார்ந்திருந்தாள். வண்டியை வீட்டிலிருந்து உருட்டிக்கொண்டே வந்ததில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மரக்கறி பொதி செய்யும் இடத்தில் அவளுக்கு வேலை. பஸ் ஓடத் தொடங்குமுன் அங்கே நிற்க வேண்டும்.

"எப்ப தொடக்கம் இப்பிடி, பிள்ளை?"

"கொண்டுவந்து விட்ட நாள் தொடக்கம், அண்ணை. முந்தி ஒருநாளும் நடுவழியிலை நிண்டதில்லை. கழுவித் தந்தவை. அதுக்குப் பிறகுதான் இந்தக் கூத்து."

அது அவள் கணவன் கஜீபனின் வண்டி. தொலைபேசிக் கோபுரங்களில் ஏறிச் சாமான் பூட்டுவது அவன் தொழில். மாசி மாதத்தில் ஒரு பின்னேரம், வேலை முடிந்து வரும்போது கைதடி வெளியில் மதகோடு மோதிச் செத்துப்போனான் என்று மேற்பார்வையாளன் பிரவீணன் வந்து சொன்னான். வேலை நேரத்துக்குப் பிறகு றோட்டில் நடந்ததால் கொம்பனிக்குப் பொறுப்பில்லை என்றும் அவன்தான் சொன்னான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து சில நாளில் மோட்டார் சைக்கிள் லொறியில் வந்து இறங்கியது. புதுச் செம்புபோலப் பளபளத்தது.

"இரத்தத்தோடை எப்பிடி அக்கா உங்களிட்டைத் தாறது? அதுதான் நல்லாக் கழுவுவிச்சனாங்கள்" என்றான் பிரவீணன். அன்று அவள் அவனைக் கும்பிட்டாள்.

இராசநாயகம் எயார் கிளீனர் பெட்டியைத் திறந்தார். உள்ளே இருந்த கடற்பஞ்சு போன்ற துண்டைப் பிழிய, தண்ணீர் சொட்டியது. கார்பிரேற்றரின் அடியாணியைத் தளர்த்தி ஒரு போத்தலில் பிடித்தார். மேலே பெற்றோல் நின்றது. கீழே தண்ணீர் மணி மணியாக உருண்டது.

"உது வாளியிலை அள்ளி ஊத்திக் கழுவினதில்லை. பிறசர்த் தண்ணியாலை மூலைமுடுக்கெல்லாம் அடிச்சிருக்கினம். ஒருத்தரும் வண்டியை இப்பிடிக் கழுவிறேல்லை, பிள்ளை."

அப்போது, யாரும் தொடாமலே, ஹோர்ன் அடித்தது. சின்னதாக ஒன்று. நீளமாக ஒன்று.

கஜீபன் படலையடியில் வந்து நின்று அடிப்பது அப்படித்தான். உதயகலா எழும்பியது அவளுக்கே தெரியவில்லை. படலை திறக்கப் போகிறவள்போல இரண்டு அடி வைத்துவிட்டு நின்றாள்.

"பயப்பிடாதை. சுவிச்சுக்குள்ளையும் தண்ணி போயிருக்கு." அவர் பிடியின் மூடியைத் திறந்து ஊதினார். ஹோர்ன் இன்னொரு தரம், முன்னதை விட மெல்ல, முனகி அடங்கியது.

அவர் எல்லாவற்றையும் பூட்டித் துடைக்கும்போது அவள் வண்டியைச் சுற்றிவந்தாள். முன் மட்காட் நேராக இருந்தது. லைற்றின் கண்ணாடியில் கீறல் இல்லை. இவ்வளவு நாளும் அதை இப்படி நின்று பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை.

"அண்ணை, உடைஞ்ச சாமான் எதை மாத்தியிருக்கினம்?"

"மாத்தினதோ? ஒண்டும் மாத்தேல்லையே. எல்லாம் பழைய சாமான்தான். இந்தக் கண்ணாடிக் கம்பியைப் பார். எத்தினை வருசக் கறள்."

"மதகிலை மோதினது எண்டுதானே சொன்னவை."

இராசநாயகத்தின் கை நின்றது. அவர் சக்கரத்தைச் சுழற்றினார். அது ஆட்டம் இல்லாமல் சுற்றியது. இருவரும் அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆசுபத்திரியில் துணியை விலக்கிக் காட்டியபோது கஜீபனின் இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்து, குறுக்கே ஒரே அளவில் கோடு இருந்தது. றோட்டில் உரஞ்சியது என்றார்கள். கோபுரத்தில் கயிறு உருவிக்கொண்டு போனால் வரும் காயம் அது. அந்தக் கைகளில் அதை முன்பும், சின்னதாக, அவள் கண்டிருக்கிறாள்.

கைபேசி அதிர்ந்தது. பிரவீணன்.

"அக்கா, மோட்டச்சைக்கிள் ஓடுதில்லையாமே? ஏன் கராஜ் வழிய திரியிறியள்? நான் லொறி அனுப்பிறன், குடுத்துவிடுங்கோ. புதுசா ஒரு ஸ்கூட்டி தாறம்."

அவள் கராஜுக்கு வந்ததை ஒருவருக்கும் சொல்லவில்லை. வீதியைப் பார்த்தாள். வெயிலில் ஆள் நடமாட்டம் இல்லை. எதிர்க்கடையின் பாதி இறக்கிய இரும்புக் கதவுக்குக் கீழே இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன.

"தம்பி, அவர் எங்கை விழுந்தவர்?"



"றிப்போட்டிலை இருக்குத்தானே, அக்கா. அதைக் கிண்டாதேங்கோ."

"வண்டி இப்ப நல்லாத்தான் கிடக்கு. நான் குடுக்கேல்லை" என்று சொல்லிக் கைபேசியை வைத்தாள். மறுபடி பார்த்தபோது எதிர்க்கடைக் கதவு நிலத்தோடு மூடியிருந்தது.

இராசநாயகம் அவள் முகத்தைப் பார்க்காமல் சாவியை நீட்டினார். "என்ரை பேரை எங்கையும் சொல்லிப்போடாதை, பிள்ளை. அவையின்ரை வாகனங்களும் இங்கைதான் வாறது." பிறகு, "கொஞ்சத் தூரம் ஓடு. மிச்ச ஈரமும் காயும்" என்றார்.

அவள் வீட்டுப் பக்கம் திருப்பவில்லை. கோப்பாய் தாண்டிக் கைதடி வெளிக்கு விட்டாள். இயந்திரம் சீராக ஓடியது. வெளியில் இரண்டு பக்கமும் உப்பு நீர் அசையாமல் கிடந்தது. பிரவீணன் சொன்ன மதகடியில் நிறுத்தினாள். மதகுக் கட்டின் மேல் பாசி கறுத்து, ஓரிடமும் கலையாமல் படிந்திருந்தது. மூலையில் சிலந்தி வலை, பழைய தூசியோடு, காற்றுக்கு உப்பி உப்பித் தணிந்தது. பறவை ஒன்றுகூட இல்லை.

வெளிக்கு அப்பால், வெக்கையில் நெளிந்துகொண்டு, கஜீபன் கடைசியாக வேலை செய்த கோபுரம் நின்றது. மண்பாதையால் இறங்கி அதனடிக்குப் போனாள். கம்பி வேலியின் கதவு திறந்திருந்தது. அடியில் புழுதி படிந்த ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. அதன் பிடியில் சோற்றுப் பை தொங்கியது, கட்டு அவிழ்க்கப்படாமல்.

உதயகலா நெற்றியில் கையை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

மிக உயரத்தில், கஜீபனின் வயதை விடக் குறைந்த ஒருவன் ஏறிக்கொண்டிருந்தான். இடுப்பில் பாதுகாப்புப் பட்டியில்லை, கயிறும் இல்லை. ஓரிடத்தில் நின்று, ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி, மறுகையை எடுத்து முகத்து வியர்வையைத் துடைத்தான்.