ஏரிக்குப் போட்ட தீனி

கடல்காரனுக்கு ஏரி மீன் பிடிக்கக் கற்றுக்கொடுப்பதைவிடச் சுவரில் முட்டிக்கொள்வது சுலபம். இதைச் சுப்புராயனிடமே பலமுறை சொல்லியிருக்கிறேன். முன்பென்றால் சிரித்திருப்பான்.

நான் ராயபுரத்துக்காரன், அருள்பிரகாசம். ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் இருந்து ஓய்வு பெற்றவன். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் வண்டியில் தூண்டிலைக் கட்டிக்கொண்டு மாத்தூர் ஏரிக்குப் போய்விடுவேன். காசிமேட்டில் விசைப்படகு ஓட்டிய என் சிநேகிதன் சுப்புராயனுக்கு இது பெரிய வேடிக்கை. குட்டையில் தவளையா பிடிக்கிறாய் என்று வழியில் பார்க்கும்போதெல்லாம் வம்புக்கு இழுப்பான். அப்படிப்பட்டவன் போன ஐப்பசியில் என் வாசலில் வந்து நின்று, ஏரி மீனுக்கு என்ன போட்டால் வரும் என்று கேட்டான். நான் கேலி செய்யவில்லை. ஏன் கேட்கிறான் என்று எனக்குத் தெரியும்.

ஆடியில் அவன் மகன் தீபன் போன படகு எண்ணூருக்கு நேரே கவிழ்ந்தது. கூடப் போனவர்கள் கரை சேர்ந்தார்கள். தீபன் வரவில்லை, உடலும் ஒதுங்கவில்லை. மகன் செத்துவிட்டான் என்று ஒருவரையும் சொல்லவிடவில்லை சுப்புராயனின் மனைவி பவுனம்மாள். ஏதோ கப்பல்காரன் தூக்கிக்கொண்டு போயிருப்பான், ஆந்திரா பக்கம் கரையேறியிருப்பான் என்பாள். காரியம் என்று பேச்செடுத்த சொந்தக்காரர்களை வாசலோடு அனுப்பினாள். தீபனின் போன் அவனோடு போய்விட்டது. ஆனாலும் அந்த நம்பருக்கு ரீசார்ஜ் செய்ய மாதம் தவறாமல் டோல்கேட் கடைக்குச் சுப்புராயனை விரட்டுவாள். எங்கிருந்தாவது திரும்பி வருகிறவனுக்கு நம்பர் உயிரோடு இருக்க வேண்டுமாம்.

ஆனால் படகு கவிழ்ந்த நாளிலிருந்து அவள் கடல் மீனைத் தொடவில்லை. மீன் விற்றே பிழைத்தவள், மீன் இல்லாமல் ஒரு வாய்ச் சோறு இறங்காதவள், வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். கடலில் போனவன் கிடைக்காத வீட்டில் கடல் மீன் ஏன் தொண்டையில் இறங்காது என்பது எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். அதை அவள் முகத்துக்கு நேரே சொல்லத்தான் யாருக்கும் தைரியமில்லை. ரசத்தை ஊற்றிப் பிசைந்து இரண்டு வாய் தின்றுவிட்டு எழுந்துவிடுவாள். ஆள் பாதியாகிவிட்டாள். மார்க்கெட்டில் ஏரி மீன் வாங்கி வந்தால், அதே ஐஸ், அதே பலகை, அதே கத்தி என்று தள்ளிவைத்தாள். சுப்புராயன் தன் கையால் பிடித்துக் கொண்டுவந்தால்தான் உண்டு.

ஆகவே சொல்லிக்கொடுத்தேன். தூண்டில் போடும் முன் தண்ணீருக்குள் தீனி போட வேண்டும். அரிசித் தவிட்டை வாசனை வரும்வரை வறுத்து, ஊறவைத்த கடலைப் புண்ணாக்கோடு பிசைந்து, கொஞ்சம் வெந்தயப் பொடி தூவி உருண்டை பிடிக்க வேண்டும். இறுக்கிப் பிடித்தால் கல் மாதிரி அடியில் கிடக்கும். தளர்வாகப் பிடித்தால் மேலேயே கரைந்து சின்ன மீன் கொறித்துவிடும். அடிக்குப் போய் மெல்ல உடைய வேண்டும். போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். இதில் கடைசிதான் அவனுக்கு வரவே இல்லை.

"மாட்டுக்கு வெக்கிறத மீனுக்கு வெக்கிறியே நைனா, கவிச்சி இல்லாம எந்த மீனு வரும்?" என்று ஒவ்வொரு வாரமும் புலம்பினான். எனக்கு எரிச்சலாக வரும். வாரக்கணக்கில் வெறுங்கையோடு திரும்பினான். எப்போதாவது விரல் நீளத்துக்கு ஜிலேபிக் கெண்டை மாட்டும். அதையும் அவள் குழம்பு வைத்து, முள்ளோடு சப்பி, தட்டில் இருந்த சோற்றை முழுசாகத் தின்றாள் என்று வந்து சொல்வான். அதைக் கேட்ட பிறகு திட்ட மனம் வராது.

மழை விட்ட ஒரு ஞாயிறு. அவன் தீனியை முன்கூட்டியே பிசைந்து பக்கெட்டில் மூடிக் கொண்டுவந்திருந்தான். அவன் கையில் கவிச்சி அடித்தது. கடல்காரன் கையில் அடிக்காமல் என் கையிலா அடிக்கும் என்று விட்டுவிட்டேன். வெயில் ஏறுவதற்குள் அவன் தூண்டில் வளைந்தது. முழங்கை நீளத்துக்கு ஒரு கெளுத்தி. இரண்டு கிழவர்களும் சேற்றில் விழுந்து புரண்டு அதைக் கரையேற்றினோம். சுப்புராயன் சிரித்தான். ஆடிக்குப் பிறகு அந்தப் பல்லை அன்றுதான் பார்த்தேன்.

சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று என்னையும் வீட்டுக்கு இழுத்துப்போனான். பவுனம்மாள் மீனைப் பார்த்ததும் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டாள். ஏரி மீனுக்கென்று வாங்கி வைத்திருந்த புதுக் கத்தியை எடுத்துக்கொண்டு குழாயடியில் உட்கார்ந்தாள். புளி ஊறவைக்கச் சொன்னாள். சுப்புராயனே ஓடிப்போய் ஊறவைத்துவிட்டு வந்து, மீன் எப்படி இழுத்தது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவள் கை நின்றது.

கெளுத்தியின் இரைப்பையிலிருந்து தவிடும் புண்ணாக்கும் சரிந்தன. கூடவே ஒரு துண்டு. குழாயில் கழுவி விரலில் வைத்துப் பார்த்தாள். ஒட்டியிருந்த ஒரு செதிலே அவளுக்குப் போதும்.

"இது மத்தியாச்சே" என்றாள்.

சுப்புராயன் கையை ஆட்டுவதை நிறுத்தினான். தவிட்டுக்கு வராத மீன் மத்திக்கு வரும் என்று நாலைந்து மத்தியை இடித்துத் தீனியில் கலந்ததை மெதுவாகச் சொன்னான். சரியாக இடிபடவில்லை போல என்றான். வேறு மத்தி இல்லை, காசிமேட்டுக் கடலில் பிடித்த மத்திதான். அந்த நேரம் அவன் மண்டையில் ஒன்று போடலாமா என்றிருந்தது எனக்கு. அவன் முகத்தைப் பார்த்ததும் அந்த எண்ணம் போய்விட்டது.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. துண்டைக் கீழே வைத்தாள்.

"அப்போ இதுவும் கடல்லேர்ந்துதான் துன்னுட்டு வந்துகீது" என்றாள்.  பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள். "அந்த மத்தி இன்னாத்தத் துன்னுச்சோ, யாரு கண்டா, அண்ணே? எம்புள்ள அங்கதான கீறான்."

அந்த வீட்டில் அதுவரை யாரும் சொல்லாதது. அதை அவள் வாயாலேயே சொல்லவைத்துவிட்டோம். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

பவுனம்மாள் அழவில்லை. மீனை அப்படியே பழைய பேப்பரில் சுருட்டினாள். கத்தியைக் கழுவினாள். குழாயை மூடிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"காரியத்துக்கு நாள் பாருய்யா" என்று புருஷனிடம் சொன்னாள். வாசல்படியில் ஒரு காலை வைத்தவள் நின்று, "அந்த நம்பருக்கு இந்த மாசம் காசு போட வேணாம்" என்றாள்.

சுப்புராயன் தலையை ஆட்டினான். உள்ளே புளி ஊறிக்கொண்டிருந்தது.