நாலாவது வரி

கட்டப் புதிர் என்றால் அந்த ராஜபாளையம் மில்லில் பரிபூரணத்தை மிஞ்ச ஆள் கிடையாது. வியாழக்கிழமை தோறும் வரும் வாரப் பத்திரிகையில், யார் எந்த ஊர், யாருக்கு என்ன வேலை என்று நாலைந்து குறிப்புகளைக் கொடுத்து மண்டையைக் காய வைப்பார்கள். அவள் பேர்களை வரியாக எழுதி, ஆகாத கட்டத்துக்கெல்லாம் பெருக்கல் குறி போட்டுக்கொண்டே வருவாள். மிஞ்சியது விடை. பதினோரு வருஷத்தில் ஒன்றுகூடத் தப்பியதில்லை. அதில் அவளுக்குத் தலைக்கனம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டுமே!

1987இல் ஒரு திங்கட்கிழமை, சத்திரப்பட்டித் தறிக்காரரிடமிருந்து நூல் மூட்டை ஒன்று திரும்பி வந்தது. அறுபதாம் நம்பர் நூல் சுற்றிய கோன்களுக்கு நடுவில் ஒரு நாற்பதாம் நம்பர் கோன். மெல்லிய நூலில் தடித்த நூல் கலந்து, தறியில் ஓட்டிய பாவு முழுக்க வீண். அவரவர் சுற்றிய கோனை அவரவரே மூட்டை கட்டித் தைப்பதுதான் அங்கே வழக்கம். ஆனால் இந்த மூட்டையில் பேர்ச்சீட்டைக் காணோம்.

மேஸ்திரி காளிராஜ் யோசிக்கவே இல்லை. "புதுசா வந்தவதான் செஞ்சிருப்பா. வெள்ளத்தாயி, நாளையிலருந்து வேலைக்கு வராத."

வேலை நிரந்தரமாக வெள்ளத்தாய்க்கு இன்னும் மூன்றே வாரம் இருந்தது. புருஷன் போன பிறகு இரண்டு பிள்ளைகளுக்கும் அந்த மில்தான் கஞ்சி ஊற்றியது. பார்த்துக்கொண்டிருந்த பரிபூரணம் முன்னால் வந்தாள்.

"செத்த பொறுங்க மேஸ்திரி. யாருன்னு நான் கட்டம் போட்டுச் சொல்லுதேன்."

சாக்பீஸை எடுத்துச் சுவரில் மூன்று பேர் எழுதினாள்: வெள்ளத்தாய், சீனியம்மாள், இருளம்மாள். கோன் சுற்றும் அந்தச் செக்‌ஷனில் நாலாவது ஆள் பரிபூரணமேதான். தன் பேரை எழுத வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

மூட்டை வாயைப் பார்த்தாள். வலது கைத் தையல். வெள்ளத்தாய் இடது கைக்காரி, அவள் தைத்தால் தையல் மறுபக்கம் சாயும். பெருக்கல். தைத்தது சிவப்புச் சணல். அது போன வாரம் வியாழக்கிழமை டீ நேரத்துக்குப் பிறகுதான் வந்தது, மறுநாள் காலையில் பழையபடி வெள்ளை. சீனியம்மாள் அந்த வியாழன் மதியமே பெர்மிஷன் போட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். பெருக்கல். இருளம்மாள் அந்த வாரம் முழுக்க எண்பதாம் நம்பர், அறுபதைத் தொடவே இல்லை. பெருக்கல்.

மூன்று பெருக்கல். விடையைக் காணோம்.

பரிபூரணம் குறிப்புகளை மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். வியாழக்கிழமை. பத்திரிகை வரும் நாள். அன்று டீ நேரத்தில் புதிர் முடியவில்லை, பாதிக் கட்டத்தை மண்டைக்குள் வைத்துக்கொண்டே அறுபதாம் நம்பர் மூட்டையைக் கட்ட வந்தாள். பக்கத்தில் நாற்பதாம் நம்பர் தள்ளுவண்டி நின்றது. கை எதை எடுத்தது என்று அவளுக்கு நினைவே இல்லை.

பிறகு நாலாவது வரி போட்டு, அதில் தன் பேரை எழுதி, எதிரே சரி என்று குறி போட்டாள்.

காளிராஜ் பதறிவிட்டான். "யக்கா, நம்மளத் தவிர இத யாரும் பாக்கல. அழிச்சிருங்க. பதினோரு வருஷம் ஒரு சொல்லு வாங்காத ஆளு நீங்க."

"கட்டம் சரியா வந்திருச்சு மேஸ்திரி. சரியா வந்தத நான் அழிக்க மாட்டேன்."

வெள்ளத்தாய்க்கு வேலை தப்பியது, பரிபூரணத்துக்கு ஒரு வாரம் சஸ்பெண்ட். சாக்பீஸ் தூளைச் சேலையில் தட்டிவிட்டு, தலை நிமிர்ந்தே மில் கேட்டுக்கு நடந்தாள். வெள்ளத்தாய் அழுதுகொண்டே பின்னால் ஓடி வந்தாள்.

"எனக்காவ நீங்க ஏங்க்கா…"

"ஏட்டி, அழாத. வியாழக்கிழமை பத்திரிகை வரும்லா, அத வீட்டுக்குக் கொண்டாந்து குடு. மில்லுக்குள்ள இனிமே அதப் பிரிக்க மாட்டேன்."