எரியாமல் போன நெஞ்சு

இருபது வருடம் எரிந்த நெஞ்சு இரண்டு வருடமாக எரியவில்லை. காரணம் தான் கண்டுபிடித்த சுக்குக் கஷாயம் என்று, ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர் கோலப்பன் சொல்லாத ஆள் பூதப்பாண்டியில் மிச்சமில்லை. கல்யாணப் பந்தியில் பாயசம், ரசம், மோர் என்று முடித்து எழுந்தவர்கள் கைகழுவும் இடத்தில் அவரிடம் மாட்டிக்கொள்வார்கள். ஓய்வுபெற்றோர் சங்கத்தில் வருகிற மாதம் பேச்சு. தலைப்பை அவரே கொடுத்திருந்தார்: 'நெஞ்செரிச்சலை வென்றேன்'.

மேடையில் காட்ட ஒரு சான்று வேண்டும். முப்பது வருடம் சான்று கொடுத்தே வாழ்ந்தவர். நாகர்கோவிலுக்குப் போய் தொண்டை வழியாக கேமரா விட்டுப் படம் எடுத்துக்கொண்டார்.

"எரிச்சல் இல்லாத ஆளு எதுக்குக் கொழாயை முழுங்கணும்?" என்றாள் மனைவி கோமளவல்லி.

"ஒனக்கு அறிவியல் தெரியாது."

டாக்டர் ரெஜிலா திரையைத் திருப்பினார். வெளிறிய உணவுக்குழாயின் அடியில், நாக்கு நீட்டியது போல் செந்நிறத் திட்டு.

"என்னது டாக்டர், கஷாயக் கறையா?"

"இல்ல சார். வயித்துப் புளிப்பு வருஷக்கணக்கா மேல ஏறிப் புண்ணாக்கியிருக்கு. ஆறி, திரும்பப் புண்ணாகி, கடைசியில அந்தத் தோலு குடல்ல உள்ள தோலு மாதிரி மாறிட்டு. இதுக்குப் புளிப்பு அவ்வளவா ஒறைக்காது."

"அப்போ எரிச்சல் நின்னது?"

"சில பேருக்கு இதனாலயும் நிக்கும்."

கூட வந்திருந்த கோமளவல்லி கணவரை மேலும் கீழும் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

கோலப்பனுக்குப் பயம் வரவேண்டிய இடத்தில் ஆர்வம் வந்துவிட்டது. மூக்குக் கண்ணாடியை ஏற்றித் திரையை நெருங்கினார்.

"இது எனக்குத் தெரிஞ்ச சமாச்சாரமாக்கும். வயலைப் பிளாட் போட நினைக்கவன் முதல்ல நெல்லை விட்டுட்டுத் தென்னை வைப்பான். பச்சையாத்தான் இருக்கும். நானே விவசாயம்னு எழுதிக் குடுத்திருக்கேன். பொறவு மனைக்கு எல்லைக் கல்லு நடுவான். பொறவு வீடு. இதுல கல்லு நட்டாச்சா?"

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. "தென்னை வச்ச வயலெல்லாம் பிளாட்டாயிராது சார். இதுவும் அநேகம் பேருக்குப் புற்று வரைக்கும் போகாது. கல்லு இருக்கான்னு பார்க்கத்தான் சதையைக் கிள்ளி டெஸ்டுக்கு அனுப்பியிருக்கேன். சனிக்கிழமை தெரியும்."

அந்த வாரம் கோலப்பன் கஷாயம் குடிக்கவில்லை. ஒருநாள் ஆரல்வாய்மொழி போகும் வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி, தான் கையெழுத்துப் போட்ட தென்னந்தோப்பைப் போய்ப் பார்த்தார். மரங்களுக்கு நடுவே வெள்ளையடித்த கற்கள், வரிசையாக. தொட்டுப் பார்த்தார். பயம் அப்போதுதான் வந்தது.

சனிக்கிழமை டாக்டர் சொன்னார்: "கல்லு இல்ல. தோலு மாறியிருக்கு, அணுக்களெல்லாம் ஒழுங்காத்தான் நிக்குது. புளிப்பு குறைய மாத்திரை எழுதியிருக்கேன், அதை விடாதீங்க. மூணு வருஷத்துல திரும்பக் கேமரா."

சங்கத்தில் பேனர் கட்டியிருந்தார்கள். கோலப்பன் படத்தைத் தூக்கிக் காட்டி, எரிச்சல் நின்றதை மட்டும் வைத்து வென்றதாக நம்பவேண்டாம் என்று நடந்ததை நடந்தபடி சொன்னார். கைதட்ட வேண்டிய இடம் தெரியாமல் சங்கம் விழித்தது.

முன்வரிசையிலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஜேசுதாஸ் மெல்ல எழுந்தார்.

"ஓய், பதினஞ்சு வருஷத்து எரிச்சல் எனக்கும் ஆறு மாசமா இல்ல. உம்ம கஷாயத்தைத்தான் குடிக்கேன். அது நல்லதா கெட்டதா?"

கோலப்பன் இந்தமுறை சுக்கின் பெருமையைத் தொடங்கவில்லை.

"தெரியாதுவே. நாளைக்கு நாகர்கோவில் போற எட்டரை பஸ்ஸுக்கு வாரும், நானும் வாறேன்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "பயப்படாதேயும். கேமரா முழுங்குறதுல எனக்கு நல்ல அனுபவம் உண்டு."